இரண்டு சொற்களை மாற்ற இருபத்தாறு ஆண்டுகள்

"சாதிப் பேரைச் சொல்லித் திட்டினானா?"

பாலியல் வன்கொடுமைப் புகாரோடு ஒரு தலித் பெண் காவல் நிலையத்துக்குப் போனால், இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். "இல்லை" என்று அவர் சொன்னால் போதும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் அங்கேயே கழன்றுவிடும். கூடப் போகிற நம் தோழர்களும் பல நேரம் அதுதான் சட்டம் என்று நம்பித் திரும்பிவிடுகிறோம். அது சட்டம் இல்லை. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது அந்தச் சட்டத்தில் உள்ள பல குற்றங்களில் ஒன்று, அவ்வளவுதான். பிறகு ஏன் இந்தக் கேள்வி இவ்வளவு உறுதியாக நிற்கிறது? அதைத் தெரிந்துகொள்ள 1972-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 26 இரவு, மகாராஷ்டிர மாநிலம் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமியை இரண்டு காவலர்கள் சீரழித்தார்கள். 'மதுரா வழக்கு' என்று நாம் படிப்பது இதைத்தான். வீட்டு வேலை செய்து பிழைத்த, பெற்றோர் இல்லாத பெண். சகோதரன் கொடுத்த ஒரு புகாருக்காக நிலையத்துக்கு அழைக்கப்பட்டவள். அவளுக்கு ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உண்டு என்று சொல்லி அமர்வு நீதிமன்றம் 1974-இல் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. அச்சத்தால் அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்றது. 1978-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. உடலில் காயமில்லை, எதிர்த்ததற்குத் தடயமில்லை, எனவே சம்மதம்தான் என்றது.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். தீர்ப்பு மாறவில்லை, ஆனால் சட்டம் மாறியது. 1983-இல் வந்த திருத்தம் காவலில், சிறையில், மருத்துவமனையில் நடக்கும் வல்லுறவைத் தனிக் குற்றமாக்கியது. அங்கே பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்று சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றமானது.

பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். காவல் நிலையம் இருக்கிறது, சிறை இருக்கிறது. சேரி இல்லை, மலைக்கிராமம் இல்லை. ஆண்டையின் வயல் இல்லை. ஒரு பழங்குடிப் பெண்ணின் பெயரால் எழுந்த போராட்டம் வாங்கித் தந்த சட்டத்தில், அவள் பழங்குடி என்பதற்கு ஒரு வரி கிடையாது.

அந்த இடத்தை நிரப்ப வந்தது 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(2)(v) பிரிவு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரத்தக்க குற்றத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது மற்றவர்கள் செய்தால் ஆயுள் தண்டனை என்றது. ஆனால் நடுவில் ஒரு நிபந்தனை இருந்தது. பாதிக்கப்பட்டவர் அந்தச் சாதியைச் சேர்ந்தவர் "என்ற காரணத்துக்காக" அந்தக் குற்றம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டு சொற்களில்தான் வழக்குகள் விழுந்தன. குற்றவாளியின் மனதுக்குள் இருந்த காரணத்தை யார் நிரூபிப்பது? 2006-இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டது எட்டு வயதுக் குழந்தை. வல்லுறவு உறுதியானது. சாதிதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று வன்கொடுமைப் பிரிவு நீக்கப்பட்டு, ஆயுள் தண்டனை பத்தாண்டாகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். தாய், மகள், இரண்டு மகன்கள். 2008-இல் அமர்வு நீதிமன்றம் எட்டுப் பேரைக் கொலைக்குத் தண்டித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது.

இதோடு இன்னொரு வழக்கைச் சேர்த்துப் பாருங்கள். ராஜஸ்தான் பட்டேரி கிராமத்தின் பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். பலர் அவரைத் தலித் என்று எழுதுகிறார்கள். அவர் குயவர் சமூகம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992 செப்டம்பரில் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த அநீதியிலிருந்துதான் 1997-இல் விசாகா தீர்ப்பும், 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பிறந்தன. இன்று அலுவலகங்களில் இயங்கும் புகார்க் குழுக்களுக்கு வேர் அவர்தான். ஆனால் அவருடைய மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் கிடந்தது.

இரண்டையும் அருகருகே வைத்தால் சங்கதி புரியும். விடுதலை செய்ய வேண்டுமென்றால் சாதி கண்ணுக்குத் தெரிகிறது: "இந்தச் சாதிக்காரன் இதைச் செய்திருக்க மாட்டான்." தண்டிக்க வேண்டுமென்றால் சாதி மறைந்துபோகிறது: "செய்தான், ஆனால் சாதிக்காகச் செய்யவில்லை."

தலித் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் தீர்ப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததன் பலன் 2015 திருத்தம். 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. "என்ற காரணத்துக்காக" போய், பாதிக்கப்பட்டவரின் சாதியை "அறிந்து" என்று வந்தது. குற்றவாளி அவரையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற நாட்டில், யார் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியாது?

2021-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே இதைப் பேசியது. பாதிக்கப்பட்டவர் பார்வையற்ற தலித் பெண். சாதி, பாலினம், உடல் குறைபாடு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது எது காரணம் என்று பிரித்துக் காட்டச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தீர்ப்பு விரிவாக எழுதியது. ஆனால் குற்றம் நடந்தது 2011-இல். பழைய சொற்களே பொருந்தின. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனை நின்றது, வன்கொடுமைப் பிரிவு நீங்கியது. திருத்தம் வருவதற்கு முன்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் உதவவில்லை.

சட்டம் தானாக நடக்காது என்பதற்கு வாச்சாத்தி நம் கண்முன் இருக்கிறது. 1992 ஜூன் 20-இல் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்தில் 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அந்தப் பெண்கள் 19 ஆண்டு சாட்சி சொல்லச் சலிக்கவில்லை, கூட நின்ற அமைப்புகளும் விலகவில்லை.

எனவே மாணவத் தோழர்களே, அடுத்த முறை புகார் எழுத உட்காரும்போது இவற்றை மறக்காதீர்கள். குற்றவாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் எப்படிப் பழக்கம், எத்தனை காலமாகத் தெரியும், எந்தத் தெரு என்பதை முதல் மனுவிலேயே எழுதுங்கள். 'அறிந்து' என்ற சொல்லுக்கு உயிர் அங்கேதான். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். பிணை மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் பேசவும் உரிமை உண்டு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், இந்தச் சாதிகளைச் சேராத அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் நான்காம் பிரிவு காத்திருக்கிறது.

அப்போதும் அந்தப் பழைய கேள்வி வரும். "திட்டினானா என்பது வேறு பிரிவு. இவள் யார் என்று அவனுக்குத் தெரியும், அதை எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.