பிரெஞ்சுமென் தெரு: பத்திரத்தில் இருந்த பெயர்கள்

நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சுமென் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். மூன்று ராத்திரி அங்கே தங்கினேன். 'கிரியோல் காட்டேஜ்' வகை வீடு. சதுரமாக நாலு அறை, ரேழி கிடையாது. ஒரு அறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போகணும். கதவைத் திறந்தால் நேராகத் தெரு. நள்ளிரவு தாண்டியும் டிரம்பெட் சத்தம். தூக்கம் போச்சு, படிக்க நேரம் கிடைத்தது.

தெருப் பெயரே ஒரு ரத்தக் கதை. 1762இல் பிரான்ஸ் லூசியானாவை ஸ்பெயினிடம் கொடுத்தது. 1768இல் ஊர்க்காரர்கள் ஸ்பானிய கவர்னரை விரட்டினார்கள். மறுவருடம் ஓ'ரெய்லி படையோடு வந்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். அந்தப் 'பிரெஞ்சுக்காரர்கள்' நினைவாகத்தான் இந்தப் பெயர்.

1800களின் தொடக்கத்தில் இங்கிருந்த தோட்டத்தை மனை போட்டு விற்றவர் பெர்னார்ட் டி மரிக்னி. சரியான சூதாடி. பகடையாட்டத்தின் பெயரில் 'கிராப்ஸ் தெரு' என்றுகூட ஒன்று வைத்தார் (பிற்பாடு மாற்றிவிட்டார்கள்).

ஆனால் விற்றவரைவிட வாங்கியவர்கள்தான் முக்கியம் என்பேன். அவர்களில் நிறையப் பேர் அடிமைகளல்லாத கறுப்பினத்தவர், பெண்களும் கணிசம். சுற்றிலும் அடிமைச் சந்தை நடந்த ஊரில், தன் பெயரில் வீட்டுப் பத்திரம்! அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்த செருப்புத் தைப்பவர் ஹோமர் பிளெஸ்ஸி. 1892இல் வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறிக் கைதானார்; அந்த இடம் இங்கிருந்து நடக்கும் தூரம்தான். 1896இல் உச்ச நீதிமன்றம் தனிப்பெட்டி சரியே என்று தீர்ப்பளித்தது.

விடுதிச் சுவர் முழுக்க ஜாஸ் படங்கள். வீட்டை வாங்கியவர் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் காலப் பத்திரங்கள் ஊர் நோட்டரி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடி எடுத்து வாசலில் ஒரு பலகை மாட்டலாம்.