தமிழ்நாட்டுச் சிறைக் காவலர்

சிறைக் காவலர் என்பவர் சிறையில் அடைக்கப்பட்டவர்களை எண்ணி, பூட்டி, திறந்து, இரவு பகலாகக் கூடவே இருந்து கவனிக்கும் சீருடைப் பணியாளர். பேச்சுவழக்கில் வார்டர். காக்கி உடுப்பைப் பார்த்துப் பலரும் போலீஸ்காரர் என்றே நினைக்கிறார்கள். ஆனால் இவர் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர். கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிச் செல்லும் வழிக்காவல் போலீஸ் ஆயுதப்படையின் வேலை. வார்டரின் உலகம் மதிலுக்கு உள்ளே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 9 மத்திய சிறைகள் உள்ளன. புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்றும் விசாரணைக் கைதிகளுக்கு ஒன்றுமாக இரண்டு. மற்றவை வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில். பெண்களுக்கான தனிச் சிறைகள், கிளைச் சிறைகள், திறந்தவெளிச் சிறைகள், இளங்குற்றவாளிகளுக்காகப் புதுக்கோட்டையில் உள்ள பார்ஸ்டல் பள்ளி ஆகியவற்றிலும் காவலர்கள் பணிபுரிகின்றனர்.

இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பதவிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவலர், தீயணைப்பாளர் பதவிகளோடு சேர்த்து ஒரே தேர்வாக இதை நடத்துகிறது. எழுத்துத் தேர்வுக்குப் பின் உடல் அளவு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் உண்டு. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். இப்பணிக்கு அதிகம் வேண்டியது பொறுமையும் கூர்ந்து நோக்கும் கண்ணும்தான். அவ்விரண்டையும் அளக்க மைதானத்தில் வழியில்லை. மேலே முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர், உதவி சிறை அலுவலர், ஜெயிலர், கண்காணிப்பாளர் என்று படிகள் செல்கின்றன. அதிகாரிகளுக்கான பயிற்சியில் முக்கிய இடம் வகிப்பது வேலூரில் 1979இல் தொடங்கப்பட்ட நிறுவனம். தென்மாநிலங்கள் பலவற்றிலிருந்தும் இங்கே வந்து பயில்கிறார்கள்.

நாள் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகிறது. காலையில் பூட்டுத் திறக்கும்போது ஒரு கணக்கு, பணி மாறும்போது ஒரு கணக்கு, மாலையில் ஆறு மணி வாக்கில் லாக்கப் அடைக்கும்போது ஒரு கணக்கு. ஒரு தலை குறைந்தாலும் கணக்கு நேராகும்வரை யாரும் நகர முடியாது. மருத்துவமனைக்குப் போனவர், நீதிமன்றத்துக்குப் போனவர், பரோலில் போனவர், சமையற்கூடத்தில் இருப்பவர் என்று ஒவ்வொருவரையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முகப்பில் இரட்டைக் கதவு. ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். உள்ளே வரும், வெளியே போகும் எதையும் சோதிக்கும் அதிகாரத்தை வாயிற்காவலருக்கு 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் தருகிறது. உறவினர்கள் ‘மனு’ போட்டுக் கைதியைப் பார்க்க வரும் நாட்களில் மிகவும் நெரிசலான இடம் இந்த வாசல்தான்.

கைதிகளின் நடுவே நிற்கும் காவலர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. ஆயுதம் கைமாறிவிடக் கூடாது என்பதால் அது வெளிமதிலோடும் கோபுரப் பாராவோடும் நின்றுவிடுகிறது. ஒரு தொகுதியில் சிலரே நூறு பேருக்கு மேற்பட்டோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கையில் லத்தி எத்தனை தூரம் உதவும்? காவலருக்குப் பாதுகாப்பு, ஆட்களை அறிந்திருப்பதுதான். நேற்றுவரை கலகலப்பாக இருந்தவர் இன்று சோற்றைத் தொடவில்லை. இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்தினார்கள். ஜாமீன் மனு தள்ளுபடியான செய்தியோடு ஒருவர் நீதிமன்றத்திலிருந்து திரும்பியிருக்கிறார். இவற்றைக் கவனிப்பவரே நல்ல வார்டர். முதன்முறையாகச் சிறைக்கு வருபவரின் முதல் சில இரவுகள் தற்கொலை அச்சம் மிகுந்தவை. அந்த நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு அப்பாலிருந்து ‘தூக்கம் வரலையாப்பா?’ என்று கேட்கும் ஒரு குரல் உயிரைக் காக்கும். பணி விதிகளில் இது பெரிதாக எழுதப்படுவதில்லை. எழுதப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

காவலருக்கும் கைதிக்குமான இந்த உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதை 1999 நவம்பர் காட்டியது. சென்னை மத்திய சிறையில் ஒரு கைதியின் மரணத்தைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவர் கொல்லப்பட்டார், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டனர். 1837இல் கட்டப்பட்ட அந்தச் சிறை 2006இல் புழலுக்கு இடம் மாறியது.

காவலரின் அதிகாரம் தவறாகப் போவதும் இவ்வரலாற்றின் பகுதியே. 1894ஆம் ஆண்டுச் சட்டம், கைதியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது என்று சிறை ஊழியர்களைத் தடுக்கிறது. கடமை மீறினால் 3 மாதம்வரை சிறை அல்லது 200 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் காலத்தில் 200 ரூபாய் பெருந்தொகை. தில்லி திகார் சிறையில் பணம் பறிப்பதற்காகத் தலைமைக் காவலர் ஒருவர் ஒரு கைதியைச் சித்திரவதை செய்ததாக, மரணதண்டனைக் கைதி சுனில் பத்ரா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் வழியாக, சிறைமதில் அடிப்படை உரிமைகளை அழித்துவிடுவதில்லை என்று உறுதிசெய்தது. சாதி பார்த்துக் கைதிகளைப் பிரித்து வைப்பதும் வேலை கொடுப்பதும் அரசமைப்புக்கு முரண் என்று அதே நீதிமன்றம் 2024 அக்டோபர் 3இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையின் நடைமுறையும் பேசப்பட்டது. சண்டை வராமலிருக்கவே பிரிக்கிறோம் என்ற பழைய சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு நடைமுறைக்கு வருவது, யாரை எந்தத் தொகுதியில் அடைப்பது, யாரைத் துப்புரவுக்கு அனுப்புவது என்று அன்றாடம் முடிவாகும் இடத்தில்தான்.

பெண் கைதிகள் இருக்கும் பகுதியைப் பெண் காவலர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தாயோடு சிறு குழந்தைகளும் அங்கே வளர்வதால், இக்காவலர்களின் பணியில் பாலும் தடுப்பூசியும் விளையாட்டும் சேர்ந்துவிடுகின்றன.

6 கைதிகளுக்கு ஒரு காவலர் என்பது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு சொல்லும் அளவு. எட்டு மணி நேர முறைப்பணியைச் சிறைச் சீர்திருத்தக் குழுக்கள் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளன. ஆள் குறைவான சிறையில் ஒருவர் விடுப்பெடுத்தால் அவருடைய பாராவும் இன்னொருவர் தலையில் விழும். காவலர் குடியிருப்பு பெரும்பாலும் மதிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சிறையின் அபாய மணி அடித்தால் பணி முடிந்து போனவர்களும் ஓடிவர வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாலும் அந்த மணி வீட்டுக்குள் கேட்கும்.