வேட்டைச் சின்னங்களைப் பாடம் செய்தல்

வேட்டைச் சின்னம் என்பது வேட்டையாடப்பட்ட விலங்கின் தலை, தோல், கொம்பு முதலியவற்றுள் வேட்டைக்காரர் நினைவாகப் பேணி வைக்கும் பகுதி ஆகும். தோலைப் பதப்படுத்தி, உயிருள்ள விலங்கின் தோற்றத்தில் அமைப்பது பாடம் செய்தல் எனப்படும். ஆப்பிரிக்காவில் வேட்டையாடும் ஐக்கிய அமெரிக்கர் பலர் தோலையும் மண்டையோட்டையும் தாய்நாட்டுக்கு அனுப்பி, அங்கேயே பாடம் செய்விக்கின்றனர். முழு உருவத்தை அனுப்புவதை விட இதற்குச் செலவு குறைவு. வேலையை நேரில் பார்வையிடவும் இயலும்.

களப்பணி

சின்னத்தின் தரம் பெரும்பாலும் விலங்கு இறந்த முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. வெப்பத்தில் பாக்டீரியாக்கள் பெருகினால் தோலிலிருந்து முடி உதிரும். பின்னர் எந்தக் கைவண்ணமும் அதை மீட்க இயலாது. எனவே உரித்த தோலிலிருந்து ஊனும் கொழுப்பும் சுரண்டி நீக்கப்படுகின்றன. உதடுகள் உட்புறம் பிளக்கப்பட்டு, காதுகள் உள்புறம் வெளியாகத் திருப்பப்படுகின்றன. பின்னர் தூள் உப்பு தேய்த்து, தோல் நிழலில் உலர்த்தப்படுகிறது. மண்டையோடு வேகவைத்துத் தூய்மை செய்யப்படுகிறது.

அனுமதிகள்

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1973 இல் கையெழுத்தாகி, 1975 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதலாம் பின்னிணைப்பில் உள்ள சிறுத்தை போன்றவற்றுக்கு ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய இரு அனுமதிகளும் தேவை. இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவற்றுக்கு ஏற்றுமதி அனுமதி தேவை. உரிய ஆவணம் இல்லாத சின்னங்கள் பறிமுதல் செய்யப்படலாம். மேலும், கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்ற நோய்கள் உள்ள நாடுகளிலிருந்து வரும் பதனிடப்படாத தோல்களை, ஐக்கிய அமெரிக்க வேளாண் துறையின் ஒப்புதல் பெற்ற நிலையங்களே கையாளலாம்.

பாடம் செய்யும் முறை

முற்காலத்தில் தோலுக்குள் வைக்கோல் திணிக்கப்பட்டதால் உருவங்கள் இயல்புக்கு மாறாக உப்பியிருந்தன. கார்ல் ஏக்லி (1864–1926) தசையமைப்பைக் களிமண்ணில் வடித்து, அச்செடுத்து, எடை குறைந்த உள்ளீடற்ற உருவின் மீது தோலைப் பொருத்தும் முறையை மேம்படுத்தினார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் பெயர் தாங்கிய ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடம் 1936 இல் திறக்கப்பட்டது. இக்காலத்தில் பாலியுரித்தேன் நுரையாலான ஆயத்த உருக்கள் பயன்படுகின்றன. பதனிட்ட தோல் பசையிட்டு உருவின் மீது பொருத்தித் தைக்கப்படுகிறது; கண்கள் கண்ணாடியால் ஆனவை. பழைய சின்னங்களில் பூச்சிகளைத் தடுக்க ஆர்சனிக் பூசப்பட்டிருக்கலாம் என்பதால், அவற்றை வெறுங்கையால் தொடுவது தீங்கானது.

சர்ச்சை

வேட்டைக் கட்டணம் காட்டுயிர்க் காப்புக்கும் உள்ளூர் மக்களுக்கும் உதவுகிறது என்பது ஆதரவாளர் வாதம். அப்பணம் மக்களைப் போதிய அளவில் சென்றடைவதில்லை என்பதும், பொழுதுபோக்குக்காகக் கொல்வது அறமன்று என்பதும் எதிர்ப்பாளர் வாதம். 2015 சூலையில் சிம்பாப்வேயில் சிசில் என்னும் சிங்கம் ஓர் அமெரிக்கரால் கொல்லப்பட்டது உலகளாவிய கண்டனத்தை எழுப்பியது. அவ்வாண்டே ஆத்திரேலியாவும் பிரான்சும் சிங்கச் சின்னங்களின் இறக்குமதியைத் தடுத்தன. ஐக்கிய அமெரிக்கா 2016 சனவரி முதல் ஆப்பிரிக்கச் சிங்கங்களைத் தன் அருகிய உயிரினச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது.