சிங்கப்பூர்க் குன்றுகளில் ஆங்கிலப் பெண்பெயர்கள்

லிட்டில் இந்தியாவுக்குத் தெற்கே சிலிகி சாலையை ஒட்டி எழும் மேட்டுநிலத்தில் சோஃபியா, எமிலி என இரு குன்றுகள் பெண்பெயர் தாங்கி நிற்கின்றன.

சோஃபியா கிரேக்கப் பெயர், பொருள் ‘ஞானம்’. குன்றின் பெயர் பிரித்தானியச் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் மனைவி சோஃபியாவைக் குறிக்கிறது என்பது ஒரு கருத்து; ராஃபிள்ஸின் தங்கை மகளைக் குறிக்கிறது என்பது மற்றொன்று. தமிழர் நினைவில் நிற்க வேண்டியவர் பின்னாளில் வந்த இன்னொரு சோஃபியா. ஆஸ்திரேலியாவில் பிறந்த மெதடிஸ்ட் ஊழியர் சோஃபியா பிளாக்மோர், 1887இல் ஷார்ட் தெருவின் ஒரு கடைவீட்டில் 9 இந்தியச் சிறுமிகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அவரை நாடியவர்கள் தமிழ் வணிகர்கள். பள்ளியின் முதற்பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதுவே. பெயர்ப் பொருத்தம் போல, 1925இல் அது சோஃபியா குன்றுக்கே குடிபெயர்ந்து, 1992 வரை அங்கே இயங்கியது.

எமிலி, ஏமிலியஸ் என்ற ரோமானியக் குடிப்பெயரின் பெண்பால் வடிவம். ‘போட்டியிடுபவள்’ என்று பொருள் கொள்வர். அக்குன்றில் 1931இல் திறக்கப்பட்ட நீச்சல்குளம், சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல்குளமாகும்.

ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் உள்ள எலிசபெத் குன்றின் பெயர் எபிரேயம். ‘என் கடவுளே என் ஆணை’ என்பது பொருள். 2011இல் ரஜினிகாந்த் சிகிச்சை பெற்ற மவுண்ட் எலிசபெத் மருத்துவமனையால் தமிழ்நாட்டுக்கும் பழகிய பெயர் இது.