காத்திருந்த இல்லங்கள்: மலாயாத் தமிழ்க் குடும்பங்களும் இந்தியத் தேசிய இராணுவத்தினரின் மீள்வரவும் (1943–1947)

முன்னுரை

போருக்குச் செல்பவர் ஒருவரே ஆயினும் அப்போரைத் தாங்குவது ஒரு குடும்பம் முழுவதும் ஆகும். படைவீரரின் பெயர் பட்டியலில் பதிவாகிறது. அவருக்கு விடை கொடுத்து, காத்திருந்து, மீண்டு வந்தவரைப் பேணியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இந்தியத் தேசிய இராணுவம் பற்றிய எழுத்துகள் பல உள்ளன. தலைவர்களின் உரைகள், படைப்பிரிவுகளின் அமைப்பு, இம்பால் போரின் போக்கு ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. எனினும் அப்படையில் சேர்ந்தோரின் இல்லங்களில் நிகழ்ந்தவை பெரும்பாலும் வெளிச்சம் பெறவில்லை. அவ்வில்லங்களை மையமாகக் கொண்டு, பிரிவு, காத்திருப்பு, மீள்வரவு ஆகிய மூன்று நிலைகளையும் இக்கட்டுரை நோக்க முற்படுகிறது.

மூன்று இலக்கியப் படிமங்கள்

போருக்குச் சென்றவரின் இல்லத்தைத் தமிழ் இலக்கியம் தொன்றுதொட்டே பாடி வந்துள்ளது. அதில் மூன்று படிமங்களைத் தெளிவாகக் காணலாம். முதலாவது, முல்லைத் திணையின் காத்திருக்கும் மனைவி. நப்பூதனார் இயற்றிய 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டு இதற்குச் சிறந்த சான்றாகும். பெருமுது பெண்டிர் நற்சொல் கேட்டு வந்து ஆற்றுவிக்கவும், தலைவி கார்காலத்தில் கணவனின் தேரொலிக்காகக் காத்திருக்கிறாள். தேரொலி கேட்டதும் பாட்டு நிறைவடைகிறது.

இரண்டாவது, புறத்திணையின் மறக்குடித் தாய். ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாடல் (279) காட்டும் பெண், தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த பின்னும் தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்புகிறாள். இழப்பை அஞ்சாத இம்மன உறுதியே அங்குப் போற்றப்படுகிறது.

மூன்றாவது படிமம் அதிகம் பேசப்படுவதில்லை. புண்பட்டு வீடு திரும்பிய வீரனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காக்கும் நிலையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொடாக் காஞ்சி எனக் குறிப்பிடுகிறது. அரிசில் கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் (281) இத்தகைய இல்லம் ஒன்றைக் காட்டுகிறது. இரவ இலையும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன, யாழ் இசைக்கப்படுகிறது, ஐயவி சிதறப்படுகிறது, மணி ஒலிக்கிறது, நறும்புகை எழுகிறது. வீரன் திரும்பி வந்த பிறகே இங்குக் குடும்பத்தின் பணி தொடங்குகிறது.

நம் சமூக நினைவு முதலிரு படிமங்களையே பெரிதும் ஏற்றுக்கொண்டது. மேடைகளிலும் நினைவு மலர்களிலும் இந்தியத் தேசிய இராணுவத்தினரின் இல்லங்கள் மறக்குடித் தாயரின் இல்லங்களாகவே சித்திரிக்கப்படுகின்றன. மூன்றாவது படிமம் மறக்கப்பட்டதால், மீண்டு வந்தோர் பட்ட துயரும் அவர்களைப் பேணியோரின் உழைப்பும் வரலாற்றின் பார்வையிலிருந்து விலகிவிட்டன என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

விடைகொடுத்தல்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரு நாள்களில் ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டு மோகன் சிங் தலைமையில் முதல் இந்தியத் தேசிய இராணுவம் உருவாகி, அவ்வாண்டின் இறுதியிலேயே சிதைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமையேற்ற பின்னரே அது மலாயாத் தமிழரின் இயக்கமாக விரிவடைந்தது. போர்க்கைதிகளான தொழில்முறை வீரர்களோடு தோட்டத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள், மாணவர்கள் எனப் பொதுமக்களும் திரளாகச் சேர்ந்தனர். இவர்களுள் தமிழரே மிகுதி.

இச்சேர்க்கையை நாட்டுப்பற்று என்னும் ஒற்றைக் காரணத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. அதே 1943ஆம் ஆண்டில்தான் சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆசைகாட்டியும் வற்புறுத்தியும் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டபோது பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் காலராவாலும் பசியாலும் மாண்டிருந்தனர். இரப்பர் ஏற்றுமதி நின்று கூலி குறைந்திருந்தது. போருக்கு முன் தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இறக்குமதி செய்துவந்த மலாயாவில் மரவள்ளிக்கிழங்கே உணவாகியது. இந்நிலையில் இளைஞன் ஒருவனைப் படைக்கு அனுப்புவது அவனை இரயில் பாதையிலிருந்து காக்கும் வழியாகவும் சில இல்லங்களுக்குத் தோன்றியிருக்கும். பற்றும் பாதுகாப்பும் ஒரே முடிவில் கலந்திருந்தன எனக் கொள்வதால் அத்தியாகத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

குடும்பத்தின் இசைவு எவ்வளவு முதன்மை பெற்றது என்பதை ஜான்சி ராணிப் படையின் வரலாறு காட்டுகிறது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த இப்பெண்கள் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் திறக்கப்பட்டது. மணமாகாத பெண்ணாயின் தந்தை அல்லது காப்பாளரின் ஒப்புதலும், மணமானவராயின் கணவரின் ஒப்புதலும் வேண்டப்பட்டன. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்) தம் தந்தையின் எதிர்ப்பைக் கடந்தே சேர முடிந்தது. ஈப்போவிலிருந்து இராசம்மா, பொன்னம்மா என்னும் சகோதரியர் இருவரும் சேர்ந்தனர். மகளைப் படைக்கு அனுப்புதல் என்பது அதுவரை தமிழ்க் குடும்பம் அறியாத ஒன்று. மறக்குடித் தாய் மகனை அனுப்பியதற்கு இலக்கியத்தில் முன்மாதிரி உண்டு. மகளை அனுப்பிய தந்தைக்கு அத்தகைய முன்மாதிரி இல்லை. ஆகவே படிவத்தில் இடப்பட்ட அந்தக் கையொப்பம் குடும்ப வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

காத்திருத்தல்

முல்லைத் தலைவி கார்காலத்தை எல்லையாக வைத்துக் காத்திருந்தாள். மலாயாவின் இல்லங்களுக்கு அத்தகைய எல்லை எதுவும் இருக்கவில்லை. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு அவ்வாண்டு ஜூலையில் தோல்வியில் முடிந்தது. போரில் மடிந்தோரினும் பட்டினியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மடிந்தோரே மிகுதி. மெய்மியோ மருத்துவமனையில் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் ஜான்சி ராணிப் படையினர் பேணினர். ஆயினும் போர்க்கால வானொலியும் செய்தித்தாள்களும் முன்னேற்றச் செய்திகளையே முதன்மைப்படுத்தின. களத்தின் உண்மை நிலை இல்லங்களை எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

இக்காத்திருப்பு கடலுக்கு அப்பாலும் நீண்டது. ஜப்பானியர் வருகையோடு மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான இயல்பான அஞ்சல் போக்குவரத்து அறுந்தது. தோட்டத் தொழிலாளர் ஊருக்கு அனுப்பி வந்த பணமும் நின்றது. இந்தியத் தேசிய இராணுவம் பற்றிய செய்திகள் 1945ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் தணிக்கையால் இந்திய மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தன. எனவே தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்த பெற்றோர், மலாயாவிலுள்ள தம் பிள்ளை தோட்டத்தில் இருக்கிறானா, இரயில் பாதையில் இருக்கிறானா, படையில் இருக்கிறானா என்பதை அறிய வழியின்றி இருந்தனர்.

மலாயாவில் தங்கிய மனைவியரின் நிலை வேறு வகையானது. சம்பாதிப்பவர் இல்லாத லயத்து வீட்டில் கிழங்கு பயிரிட்டுப் பிள்ளைகளையும் முதியோரையும் காப்பது அவர்கள் பொறுப்பாயிற்று. ஒரே குடும்பத்தில் ஒருவர் இரயில் பாதைக்கும் மற்றொருவர் படைக்கும் சென்ற நிலையும் உண்டு. மலாயாவிலிருந்து பர்மா சென்ற படையினர் பலர் அதே சயாம்–பர்மா இரயில் பாதை வழியே பயணம் செய்தனர் என்பது இங்கு எண்ணத்தக்கது. ஒரு சமூகத்தின் ஒரு பகுதியினர் உயிரைக் கொடுத்து அமைத்த பாதையில் மறுபகுதியினர் போர்முனைக்குச் சென்றனர். இவ்விரு வரலாறுகளையும் நாம் தனித்தனியே எழுதி வருகிறோம். அவ்வில்லங்களில் அவை ஒரே துயரமாகவே இருந்தன.

மீளல்

1945 ஏப்ரல் 24ஆம் நாள் போஸ் இரங்கூனை விட்டு வெளியேறினார். எஞ்சியிருந்த ஜான்சி ராணிப் படையினர் ஏறத்தாழ நூறு பேரையும் உடன் அழைத்துச் சென்றார். வான்தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தும், கிடைத்த ஊர்தியில் ஏறியும் சுமார் மூன்று வாரத்தில் அவர்கள் பாங்காக்கை அடைந்தனர். முன்னதாக இரயிலில் அனுப்பப்பட்ட குழு தாக்குதலுக்குள்ளாகி வீராங்கனையர் இருவர் உயிரிழந்தனர். பெற்றோரிடம் பெற்ற பெண்மக்களைப் பெற்றோரிடமே ஒப்படைக்கும் கடமையைப் போஸ் தலைமைப் பொறுப்பின் பகுதியாகக் கருதினார் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. இரங்கூனில் எஞ்சிய படையினர், மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் நகரின் ஒழுங்கையும் இந்தியரின் பாதுகாப்பையும் காத்து நின்று, பின்னர் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தனர்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது; ஆகஸ்ட் 18ஆம் நாள் தைப்பேயில் விமான விபத்தில் போஸ் இறந்தார் என்னும் செய்தி வந்தது. மலாயாவில் இருந்த படையினர் கலைந்து இல்லம் திரும்பினர். அவர்கள் திரும்பி வந்த சூழலை மூன்று கூறுகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, வறுமை. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நாணயத்தாள் செல்லாது என்று மீண்டு வந்த பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் அறிவித்தது. படையிலிருந்து கொண்டு வந்த பணமும் வீட்டார் சேர்த்து வைத்த பணமும் ஒருசேர மதிப்பிழந்தன. இரண்டாவது, நோய். மலேரியாவோடும் ஊட்டக்குறைவோடும் வந்தவர்களுக்கு மருந்து கிடைப்பது அரிதாக இருந்தது. 1946இல் இந்தியத் தேசியக் காங்கிரஸ் மலாயாவுக்கு மருத்துவக் குழுவொன்றை அனுப்பியமை அன்றைய தேவையின் அளவைக் காட்டும். ஜானகி தேவர் அக்குழுவோடு இணைந்து பணியாற்றினார். மூன்றாவது, ஏற்பின்மை. பிரிட்டிஷார் பார்வையில் இவர்கள் எதிரியோடு சேர்ந்தவர்கள். 1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர் எஸ்பிளனேட் பகுதியில் மடிந்தோர் நினைவாக அடிக்கல் நாட்டப்பட்டு எழுந்த நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷ் படை இடித்தது. தம் பிள்ளை எங்கு மடிந்தான், எங்குப் புதைக்கப்பட்டான் என்று அறியாத பெற்றோருக்கு ஒரு பூ வைத்து வணங்கவும் இடமில்லாமற் போயிற்று. அவ்விடத்தில் நினைவுக்குறி அமைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1995இல் அது நிறுவப்பட்டது.

மேற்கூறிய மூன்றையும் அரசோ படையோ ஈடுசெய்யவில்லை. அந்நாளில் மலாயாவில் இவர்களுக்கென ஓய்வூதியம், மறுவாழ்வு நிலையம் என எதுவும் இருக்கவில்லை. இந்திய அரசு 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் இந்தியத் தேசிய இராணுவத்தினரையும் உட்படுத்தியது. அது முன்னோர் நாட்டின் ஏற்பாகும்; வாழ்ந்த நாட்டின் ஏற்பன்று. ஆகவே மீண்டு வந்தோரைத் தாங்கிய ஒரே அமைப்பு குடும்பமே. வேம்பும் நறும்புகையும் கொண்டு புண்பட்டோனைக் காத்த பழந்தமிழ் இல்லத்தின் பணியை, கைவைத்தியமும் கிழங்குக் கஞ்சியும் கொண்டு தோட்டத்து இல்லங்கள் செய்தன.

மீண்டபின்

மீண்டு வந்தோர் புறப்பட்டபோது இருந்தவர்களாகத் திரும்பவில்லை. அணிவகுப்பும் ஒழுங்கும் கற்றவர்கள், தோட்டத் துரைக்கும் கிராணிக்கும் முன் பழையபடி தலைதாழ்ந்து நிற்க மறுத்தனர். 1946 மார்ச்சில் நேரு மலாயா வந்தபோது முன்னாள் படையினர் அவரை அணிவகுத்து வரவேற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் உருவான மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் திவி, இந்தியத் தேசிய இராணுவ இயக்கத்தில் பங்கு பெற்றவர். அதே காலத்தில் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டது. 1947இல் அது காவல்துறையால் அடக்கப்பட்டது.

கள்ளுக்கு எதிரான இயக்கத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு நிகழ்வாக மட்டும் காண்பது போதாது. கூலியின் பெரும்பகுதி கள்ளுக்கடைக்குச் செல்வதால் நேரடியாகத் துன்புற்றவர்கள் மனைவியரும் பிள்ளைகளுமே. காத்திருந்த காலத்தில் இல்லத்தைத் தாங்கியவர்களின் தேவை, மீண்டு வந்தோரின் ஒழுங்குணர்வோடு இவ்விடத்தில் இணைந்தது எனக் கருத இடமுண்டு. பெண்கள் படையிலிருந்து மீண்டவர்களுள் ஜானகி அரசியலிலும் இராசம்மா பூபாலன் கல்வியிலும் மகளிர் உரிமையிலும் பெயர் பெற்றனர். பெயர் பெறாத பலர் மீண்டும் பால்மரம் சீவச் சென்றனர். அவர்கள் வாழ்வும் இவ்வரலாற்றின் பகுதியே.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, மலாயாவில் இந்தியத் தேசிய இராணுவத்தின் வரலாறு 1945 ஆகஸ்டில் முடிந்துவிடவில்லை. அது லயத்து வீடுகளுக்குள் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. மற்றொன்று, காத்திருக்கும் மனைவி, அஞ்சாத தாய் என்னும் இரு படிமங்களால் மட்டும் அவ்வில்லங்களை அளக்க இயலாது. தொடாக் காஞ்சி என்னும் மூன்றாவது படிமத்தையும் துணைக்கொள்ளும்போதே, நோயோடும் தோல்வியோடும் வந்தவர்களை வீடு எவ்வாறு ஏற்றது என்னும் வினா எழும்.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டதால் இவ்வினாவை அந்தத் தலைமுறையினரிடமே கேட்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய சான்றுகளைப் பாதுகாத்து வைத்துள்ளன. அவற்றைப் போர்ச் செய்திகளுக்காக மட்டுமன்றி இல்லச் செய்திகளுக்காகவும் மீண்டும் கேட்டல் வேண்டும். தமிழாசிரியர்கள் புறநானூற்றின் 279ஆம் பாடலைக் கற்பிக்கும்போது 281ஆம் பாடலையும் உடன்வைத்துக் கற்பிக்கலாம். தாத்தாவோ பாட்டியோ ஜப்பானியர் காலத்தைப் பற்றிச் சொன்னதாகத் தம் பெற்றோர் நினைவில் வைத்திருப்பதை எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கலாம். அனுப்பியவரின் வீரத்தை நாம் போதிய அளவு பாடிவிட்டோம். வந்தவரைப் பேணியவரின் உழைப்பை எழுதுவது இன்னும் எஞ்சியுள்ள கடமையாகும்.