அறுக்காமல் விட்ட அரை ஏக்கர்

1882-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் கோதுமை விளைந்து நின்றது. பிராட்பாக் என்ற வயலில் அறுவடை முடிந்தது. மேற்கு ஓரத்து அரை ஏக்கரை மட்டும் யாரும் தொடவில்லை. முற்றிய மணி தானாக உதிரட்டும், உதிர்ந்தது தானாக முளைக்கட்டும், உழவும் களையெடுப்பும் இல்லாமல் கோதுமை எத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்போம் என்பதே ஏற்பாடு.

லண்டனுக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் ஊரை ஒட்டிய பண்ணை அது. அதன் சொந்தக்காரர் ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்றவர். வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1843-இல் அவர் தொடங்கிய பிராட்பாக் கோதுமைச் சோதனை இன்றுவரை நடக்கிறது. எந்த உரம் எவ்வளவு விளைச்சல் தரும் என்று கண்டறியத்தான் அந்த வயல். ஆனால் எதுவுமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கத் தோன்றியதே, அதுதான் அந்த இருவரின் பெருமை.

கோதுமை நான்கே ஆண்டுகளில் தோற்றது. தேடிக் கண்டுபிடித்த சில பயிர்களும் குட்டையாக, சாகுபடிக் கோதுமை என்றே சொல்ல முடியாதபடி மெலிந்திருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கூடவே வளர்ந்த பயிருக்கு அவன் கை விலகியதும் நிற்க இடமில்லை. களைகளும் புற்களும் நிலத்தைப் பிடித்தன. பிறகு முட்செடிகள். அவற்றின் ஊடே பறவை கொண்டுவந்த ஹாதார்ன், காற்று கொண்டுவந்த ஆஷ், சிக்கமோர் கன்றுகள். ஒரு நூற்றாண்டில் அங்கே நிழல் அடர்ந்த ஒரு சோலை எழுந்துவிட்டது.

தாவரவியல் பாடநூல்கள் இதை இரண்டாம் நிலை வழிமுறை வளர்ச்சி என்கின்றன. எரிமலைக் குழம்பு இறுகிய வெறும் பாறையில் உயிர்கள் குடியேறுவது முதல் நிலை. அங்கே மண்ணே புதிதாக உண்டாக வேண்டும். உழுது கைவிட்ட நிலத்தில் மண் இருக்கிறது. அதற்குள் விதையும் வேரும் நுண்ணுயிரும் இருக்கின்றன. அதனால்தான் வேகம். அதே காரணத்தால், அந்த மண்ணுக்கு முன்பு என்ன செய்தார்களோ அதன் விளைவும் புதிய காட்டோடு தொடர்ந்து வருகிறது.

இதை ஐயமின்றிக் காட்டியது கீஸ்கிராஃப்ட் என்ற இன்னொரு வயல். அதே பண்ணை, அதே மழை. அவரை வகைப் பயிர் விளைந்த அந்த நிலத்தை 1886-இல் அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கேயும் காடு வந்தது. ஆனால் அது வேறு காடு. பிராட்பாக்கில் ஆஷ் ஓங்கியது. கீஸ்கிராஃப்ட்டில் ஓக் ஓங்கியது. தரைச்செடிகள் அங்கே மிகக் குறைவு.

காரணம் லாஸுக்கும் முந்தையது. பண்ணை இருக்கும் ஹார்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில் களிமண்ணுக்கு அடியில் சுண்ணப் பாறை கிடக்கிறது. அந்நாளைய குடியானவர்கள் குழி தோண்டி அதை மேலே எடுத்து, வண்டி வண்டியாக வயலில் கொட்டிப் பரப்புவார்கள். மண்ணின் புளிப்பு நீங்கிப் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். பிராட்பாக் நிறையச் சுண்ணம் வாங்கிய வயல். கீஸ்கிராஃப்ட்டுக்கு அது கிடைக்கவில்லை. அந்த உழைப்பாளிகளில் ஒருவர் பெயரும் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவர்கள் கை இருக்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது, லாஸும் கில்பர்ட்டும் மண் மாதிரிகளைத் தூக்கி எறியாததால். உலர்த்திய மண்ணும் தானியமும் வைக்கோலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகளாக இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. 1883-இல் கீஸ்கிராஃப்ட் மண்ணின் பி.எச். 7.1. 1999-இல் அது 4.4. அமிலத் தன்மை ஏறக்குறைய 500 மடங்கு கூடிவிட்டது என்று பொருள். மழை சத்தைக் கரைத்துக் கொண்டுபோனதோடு, நிலக்கரிப் புகை கலந்த காற்றும் இதில் சேர்ந்துகொண்டது. பிராட்பாக் மண்ணோ சுண்ணத்தின் பலத்தில் தாங்கி நின்றது.

சேர்ந்த வளத்திலும் அதே வேற்றுமை. பண்ணையின் இயக்குநராக இருந்த டேனியல் ஹால் 1905-இலேயே இந்நிலங்களில் தழைச்சத்து ஏறிவருவதை எழுதினார். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பயறுக் குடும்பச் செடிகள் பிராட்பாக்கில் தாராளமாக இருந்தன, கீஸ்கிராஃப்ட்டில் அரிது. சுமார் 120 ஆண்டுக் கணக்கை 2003-இல் வெளியிட்டபோது, மண்ணும் மரமும் சேர்ந்து பிராட்பாக்கில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சராசரியாக 3.39 டன் கரிமமும் சுமார் 50 கிலோ தழைச்சத்தும் சேர்ந்திருந்தன. கீஸ்கிராஃப்ட்டில் 2 டன் கரிமம், 22 கிலோ தழைச்சத்து. தொடக்க ஆண்டுகளில் வளர்ச்சியைக் கட்டிப்போட்டது தழைச்சத்துப் பற்றாக்குறைதான் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள்.

ஒரு நூற்றாண்டு போதாது என்பவர்கள் பிரான்சைப் பார்க்கலாம். அந்நாட்டின் வடகிழக்குக் காடுகளில் ரோமானியர் காலப் பண்ணைகளின் தடம் இருக்கிறது. கைவிட்டுச் சுமார் 2000 ஆண்டுகள் ஆன பின்னும், அன்று உழுத இடத்தின் மண்ணும் செடிகளும் உழாத இடத்திலிருந்து வேறுபடுவதை 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பிராட்பாக் அரை ஏக்கரில் இன்னொரு பகுதியும் உண்டு. 1900 வாக்கிலிருந்து அதில் தலைகாட்டும் மரக்கன்றுகளையும் புதர்களையும் ஆண்டுதோறும் பிடுங்கிவிடுகிறார்கள். மற்றபடி அது தன் போக்கில் வளர்கிறது. உயரமான புல்லும் பூஞ்செடிகளுமாய் நிற்கும் அதன் ஒரு துண்டில் 1957 முதல் புல்லை வெட்டி, பிறகு ஆடு மேய்த்தார்கள். சில ஆண்டுகளில் வளர்த்தியான செடிகள் மறைந்து மேய்ச்சல் புல்லும் வெள்ளைக் குளோவரும் வந்துவிட்டன.

மரம் வர விடாத பகுதியின் மண்ணையும் அளந்தார்கள். காட்டடி மண்ணில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே அதில் கரிமமும் தழைச்சத்தும் இருந்தன. தரிசு என்றாலே மரம் நட்டால்தான் மண் தேறும் என்று திட்டம் தீட்டுகிறவர்கள், குழி தோண்டும் முன் இந்த அளவீட்டைப் படிக்க வேண்டும்.