ஆசிரியர் ஆற்றுப்படை: திண்ணைப்பள்ளி முதல் குறுவள மையம் வரை

முன்னுரை

பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், பெறாது வருந்தி எதிர்வருவானைத் தான் சென்ற நெறியிலே செலுத்துதல் ஆற்றுப்படை எனப்படும். கூத்தர்க்கும் பாணர்க்கும் பொருநர்க்கும் விறலியர்க்கும் ஆற்றுப்படை வகுத்தது தமிழ் மரபு. கற்பிக்கும் தொழிலிற் புதியராய்ப் புகுவார்க்கு இத்தகைய வழிகாட்டல் நம் நாட்டில் இருந்ததோ, இருந்ததெனின் எவ்வுருவில் இருந்தது, எவ்வாறு அருகிற்று, பின்னர் எவ்வாறு மீண்டும் அரும்பிற்று என்பனவற்றை இக்கட்டுரைக்கண் ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி வெறும் பழமை நாடுவதன்று. விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே மகாராஜபுரம் என்னும் ஊர் உளது. சதுரகிரிக்குச் செல்வோர் தாணிப்பாறைக்கு இவ்வழியே ஏகுவர். இத்தகையதோர் ஊர்ப்பள்ளிக்கு முதன்முதற் பணியாணை பெற்று வரும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவரிடம் பயிற்சிச் சான்றிதழ் உண்டு, பாடநூல் உண்டு, அரசின் ஆணையும் உண்டு. ஆயின் வகுப்பறையுட் புகுந்த அந்நாழிகை முதல் வகுப்பின் முழுப்பொறுப்பும் அவருடையதே. முப்பதாண்டு பணியாற்றியவர்க்கும் அவர்க்கும் கடமையில் வேறுபாடு இல்லை. அவ்வாண்டு அவர்க்குத் தொழில் பழகும் ஆண்டு. அவர்முன் அமர்ந்த சிறார்க்கோ மீண்டும் வாராத ஆண்டு. புதிய ஆசிரியரைத் தனியே விடுதலால் விளையும் இழப்பு முதற்கண் இச்சிறாரையே சாரும். ஆதலின் இது வரலாற்றாசிரியர்க்கேயன்றித் தமிழ் பயிற்றுவார் அனைவர்க்கும் உரிய வினாவாம்.

நன்னூல் காட்டும் அளவை

நல்லாசிரியர் இலக்கணத்தையும், பாடஞ்சொல்லும் முறையினையும், மாணாக்கர் இயல்பினையும் நன்னூற் பொதுப்பாயிரம் விரித்துரைத்தலை யாவரும் அறிவர். ஈண்டு யாம் கருதுவது அப்பாயிரம் கூறும் கோடல் மரபில் அமைந்த ஒரு கணக்கினை. ஆசிரியர் உரைத்தவற்றை நன்கு ஏற்றுக்கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறோ தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைத்தலாலேயே நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து.

நன்னூலார் நூற்புலமை நிரம்புமாற்றைக் கூறினாரேயன்றி, ஆசிரியர்ப் பயிற்சியைப் பற்றிக் கூறினாரல்லர் என ஒருவர் தடை நிகழ்த்தலாம். அது பொருந்துவதே. எனினும், கற்பித்தலின்கண்ணேதான் கல்வியின் பாதி அமைந்துள்ளது என்பது ஒப்புக்கொள்ளப்படின், பயிற்சிப்பள்ளியினின்று வெளிவருவார் எத்துணைத் திறமுடையராயினும் பாதி வழியே வந்தவராவர் என்பது பெறப்படும். எஞ்சிய பாதியை அவர் கடப்பது பணியின் முதலாண்டுகளிலேயாம். அப்பாதியில் துணை நிற்பார் எவர் என்பதே நம் வினா.

சட்டாம்பிள்ளையும் எழும்பூர்ப் பள்ளியும்

பழைய திண்ணைப்பள்ளி பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளியே. ஆயினும் அவ்வாசிரியர் தனியராயிருந்தாரல்லர். மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து, இளையோர்க்கு மணலில் எழுத்தறிவிப்பான், முறை சொல்லிக் கொடுப்பான், பாடங் கேட்பான். ஆசிரியர்க்கு இஃது உதவி. சட்டாம்பிள்ளைக்கோ இதுவே தொழிற்பயிற்சி. இங்ஙனம் பழகியவருள் ஒருவர் பின்னர்த் தாமே ஒரு திண்ணையில் அமருங்கால், வகுப்பின் முன் நிற்றல் அவர்க்குப் புதிதாக இராது.

இம்முறையின் ஆற்றலை வெளிநாட்டார் கண்டனர். சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆண் அனாதைச் சிறுவர் விடுதிப்பள்ளியின் மேற்பார்வையாளராக அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதிப் பயிலுதலைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் நடத்துமாறு உதவி ஆசிரியரைப் பணித்தார். அவர் அஃது இயலாது என்றார். உடனே பெல், சான் பிரிசுக்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். சிறுவன் அதனைச் செவ்வனே நடத்தினான். இவ்வனுபவத்தைப் பெல் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை எனப் பெயர் பெற்று இங்கிலாந்திற் பரவிற்று. பல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த ஏ. டி. காம்பெல், 1823-ஆம் ஆண்டு அறிக்கையில், முன்னேறிய மாணாக்கரைக் கொண்டு பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் நாட்டுமுறை போற்றற்குரியது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுதியே என்றும் எழுதியுள்ளார்.

இதனால் திண்ணைப்பள்ளியைக் குறையற்றதெனக் கொள்ளுதல் கூடாது. தாழ்த்தப்பட்டோரெனப் பட்ட மக்களின் சிறார்க்கு அத்திண்ணை பெரும்பாலும் திறக்கப்படவில்லை. பெண்மக்கள் மிகச் சிலரே ஆங்குப் பயின்றனர். ஆகவே சட்டாம்பிள்ளையாகும் வாய்ப்பும் ஒரு சிலர்க்கே உரியதாயிற்று. இங்கிலாந்திற் பரவிய முறையும் சிறுவரைக் கொண்டு செலவைச் சுருக்கும் கருவியாகப் பலவிடத்தும் பயன்பட்டது. யாம் கொள்ளத்தக்கது ஒன்றே: கற்பிக்கப் பழகுதல், கற்பிக்கும் இடத்திலேயே, மூத்தார் ஒருவர் கண்காணிப்பில் நிகழ்ந்தது என்பது.

மன்றோவின் குறிப்பு

ஆசிரியர் தொழிலில் தக்கார் நிலைத்து நில்லாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. சென்னை ஆளுநர் சர் தாமசு மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பள்ளிகளைப் பற்றிய கணக்குகளைக் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சு 10-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். ஆசிரியர் பெறும் வருவாய் திங்கள் ஒன்றுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேற்படாமையின், தகுதியுடையார் இத்தொழிலை நாடுதற்கு அது போதாது என்பது அவர் துணிபு. தாசில் பள்ளி ஆசிரியர்க்கு ஒன்பது ரூபாயும், மாவட்டப் பள்ளி ஆசிரியர்க்குப் பதினைந்து ரூபாயும் அரசு வழங்குதல் வேண்டும் என்றும், ஆசிரியரைப் பயிற்றச் சென்னையில் ஒரு தலைமைப் பள்ளி வேண்டும் என்றும் அவர் கூறினார். மன்றோ 1827-இல் மறைந்தார். அவர் திட்டப்படி தோன்றிய பள்ளிகள் 1836-இல் கைவிடப்பட்டன.

இக்குறிப்பினின்று இரு செய்திகள் போதரும். ஊதியம் குறைந்தவிடத்துத் தக்கார் நில்லார் என்பது ஒன்று. ஆசிரியரை அவர்தம் ஊரினின்றும் பிரித்துத் தலைநகரிற் பயிற்றி மீள அனுப்பும் முறை அரசின் கருத்தில் இடம்பெற்றது என்பது மற்றொன்று. முன்னது நெடுநாள் தீர்க்கப்படாது நின்றது, பின்னது வளர்ந்தது.

பயிற்சிப்பள்ளியின் தோற்றமும் ஓர் இடைவெளியும்

1854-ஆம் ஆண்டு வெளிவந்த உட்டு அறிக்கை, இங்கிலாந்தில் 1846 முதல் நடைபெற்றுவந்த மாணவ ஆசிரியர் முறையினையும் பயிற்சிப்பள்ளியினையும் இந்தியாவிற்குப் பரிந்துரைத்தது. 1856-இல் சென்னையில் அரசினர் பயிற்சிப்பள்ளி ஏற்பட்டது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி அதன் வழித்தோன்றலேயாம். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அறிக்கை கூறிய இரண்டனுள் பயிற்சிப்பள்ளி வேரூன்றியது. பள்ளிக்குள்ளேயே மூத்தாரிடம் பழகும் முறை அவ்வளவு வேரூன்றவில்லை. சட்டாம்பிள்ளையின் இடத்தைச் சான்றிதழ் பெற்றது.

பயிற்சிப்பள்ளியால் விளைந்த நன்மை பெரிது. குலமும் குடும்பமும் அல்லாமல் கல்வித் தகுதியே ஆசிரியராதற்கு வாயிலாயிற்று. ஆயின் பயிற்சி முடித்தார் பலர் சென்றடைந்தது ஓராசிரியர் பள்ளியையே. 1929-ஆம் ஆண்டு ஆர்ட்டாகு குழுவினர், தொடக்கக் கல்வியில் விரயமும் தேக்கமும் மிகுந்தமைக்கு ஓராசிரியர் பள்ளிகளின் பெருக்கத்தையும், மேற்பார்வையின் குறைவையும் காரணங்களாகக் காட்டினர். திண்ணையில் ஆசிரியர் ஒருவரே ஆயினும் சட்டாம்பிள்ளை உடனிருந்தான். புதிய பள்ளியிலோ புதிய ஆசிரியர் முற்றும் தனியர். ஆய்வாளர் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ வருவார். அவர் வருவது மதிப்பிடுதற்கு, பழக்குதற்கன்று.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகள் ஆங்காங்கு இருந்தன. திருவில்லிபுத்தூர்ப் பகுதி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தது. 1910-இல் இராமநாதபுர மாவட்டம் அமைக்கப்பட்டபோதே அதனின்றும் பிரிந்தது. அத்திருநெல்வேலியில் 1820 முதல் பணியாற்றிய இரேனியசு, சிற்றூர்களில் தனித்திருந்த உபதேசியாரைக் குறித்த காலங்களில் ஓரிடத்தே கூட்டிப் பயிற்றி வந்தார். பிற்காலத்தே தொடக்கப்பள்ளி ஆசிரியர் அண்மையிலுள்ள ஒரு மையத்திற் கூடி, ஒருவர் மாதிரிப் பாடம் நடத்த ஏனையோர் ஆராயும் வழக்கமும் ஏற்பட்டது. பணியிடத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாது, தம்மையொத்தாரிடம் கற்றல் இவற்றின் பொதுவியல்பு. உடன் பயில்வாரால் வரும் காற்கூறு எனப் பவணந்தியார் கூறியது இதுவேயாம்.

ஒரு தமிழாசிரியர் பணியேற்ற வரலாறு

தமிழுலகம் நன்கறிந்த சான்று ஒன்று உளது. குடந்தை அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெறுங்கால், தம் இடத்திற்குத் தக்கவர் இவரே எனத் தேர்ந்தது, திருவாவடுதுறை மடத்திலிருந்த உ. வே. சாமிநாதையரை. இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். செட்டியார் கல்லூரித் தலைவரிடம் ஐயரைப் பற்றி எடுத்துரைத்தார். மடத்தின் இசைவையும் பெற்றார். 1880-இல் ஐயர் பணியேற்றார். 1903 வரை குடந்தையிலும், அதன்பின் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

ஐயர் பயிற்சிப்பள்ளி சென்றவரல்லர். ஆயினும் பணியேற்குமுன்னரே மடத்தில் இளைய மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லிப் பழகியிருந்தார். கற்பித்தலால் நிரம்பும் அரைக்கூறு அவர்க்கு முன்பே தொடங்கிவிட்டது. அவர் முப்பத்தொன்பது ஆண்டு இத்தொழிலில் நின்றமைக்கு இஃதொன்றே காரணம் என யாம் கூறோம். அவர்தம் தமிழ்ப்பற்று யாவரும் அறிந்தது. எனினும், தொழிலை விட்டுச் செல்வார் தமக்குப்பின் வருவாரைத் தாமே வழிப்படுத்திச் சென்றார் என்பது கருதத்தக்கது. ஆற்றுப்படையின் உயிர்நிலை அதுவேயன்றோ?

1955-க்குப் பின்

மன்றோ சுட்டிய பொருட்குறைக்குப் பெருமருந்து வந்தது 1955-இல். காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்து, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த முந்நலத் திட்டம் சென்னை மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. முதுமையில் வறுமையுறுவோம் என்னும் அச்சத்தால் ஆசிரியர் இத்தொழிலை நீங்கும் நிலையினை அது மாற்றத் தொடங்கிற்று. பின்னர் 1981-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியராயினர்.

வழிகாட்டல் குறைக்கு விடை மெல்லவே வந்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு, ஓர் உயர்நிலைப்பள்ளியினையும் அதனைச் சூழ்ந்த தொடக்கப்பள்ளிகளையும் ஒரு தொகுதியாக இணைத்து, ஆசிரியரின் தனிமையை நீக்குமாறு கூறிற்று. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் வழிவந்த கரும்பலகைத் திட்டம், ஓராசிரியர் பள்ளிக்கு இரண்டாம் ஆசிரியரை அளிக்க முற்பட்டது. அக்கொள்கையின் வழியே மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்களும் தோன்றின. அனைவர்க்கும் கல்வி இயக்கத்தின் கீழ் வட்டார வள மையமும் குறுவள மையமும் அமைந்தன. குறுவள மையமாவது, அண்மையிலுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர் கூடிப் பயிலும் இடம்.

இவையெல்லாம் அனைத்து ஆசிரியர்க்கும் பொதுவானவை. முப்பதாண்டு பணியாற்றியவரும் நேற்றுப் பணியேற்றவரும் ஒரே கூட்டத்தில் ஒரே பாடத்தைக் கேட்பர். புதியவரின் இடர்ப்பாடோ வேறு: அழும் குழந்தையை ஆற்றுதல், பல வகுப்பை ஒருங்கே நடத்துதல், பெற்றோரிடம் பேசுதல், பதிவேடுகளை எழுதுதல், தன் தவற்றை எவரிடம் சொல்வது என்றறிதல். இவற்றை ஒரு நாட்கூட்டம் தீர்க்காது. நாடோறும் அணுகத்தக்க ஒருவர் வேண்டும்.

பிற நாடுகள் இதனை உணர்ந்து வருகின்றன. அமெரிக்கக் கல்வியறிஞர் சேம்சு கோனன்று 1963-இல் வெளியிட்ட நூலில், புதிய ஆசிரியர்க்கு முதலாண்டிற் பணிச்சுமை குறைத்தலும் மூத்தாரின் துணை அளித்தலும் வேண்டும் என்றார். சுகாட்டுலாந்து 2002 முதல், தகுதி பெற்ற புதிய ஆசிரியர்க்கு ஓராண்டுப் பணியிடம் உறுதி செய்து, கற்பிக்கும் நேரத்தைக் குறைத்து, வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரையும் நியமித்துவருகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தக்கார் தொழிலில் நிற்றற்கு ஊதியமும் பாதுகாப்பும் இன்றியமையாதன என்பதும், அவை மட்டும் அமையா என்பதும் புலனாகும். நம் அரசுப்பள்ளிகளில் ஆசிரியர் தொழிலை விட்டு நீங்குதல் அரிது; மலையடிச் சிற்றூரை விட்டு இடமாற்றம் நாடுதலே பெரிது. குடும்பமும் தொலைவும் அதற்குக் காரணமாதல் உண்மையே. எனினும், முதலாண்டில் எவரும் துணைநில்லாத ஊரில் ஒருவர்க்குப் பற்று எங்ஙனம் உண்டாகும்? தனியார் பள்ளிகளிலோ, ஊதியக் குறையும் வழிகாட்டலின்மையும் ஒருங்கே கூடிப் பலரைத் தொழிலினின்றே நீக்குகின்றன.

ஆதலின், புதிதாகப் பணியேற்பார் ஒவ்வொருவர்க்கும் குறுவள மைய எல்லைக்குள்ளேயே மூத்த ஆசிரியர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்படுதல் வேண்டும். மதிப்பிடும் அதிகாரம் அவர்க்கு இருத்தலாகாது. அஞ்சுவாரிடம் எவரும் ஐயங் கேளார். அவர் புதியவரின் வகுப்பைக் காணவும், புதியவர் அவர் வகுப்பைக் காணவும் நேரம் ஒதுக்கப்படுதல் வேண்டும். இதற்குப் புதுக்கட்டடம் வேண்டா; உள்ள அமைப்பே போதும்.

தமிழ்த்துறை ஆராய்ச்சி மாணவர்க்கும் ஈண்டு ஒரு கடமை உண்டு. பழைய பள்ளிகளின் பதிவேடுகளிலும், தமிழாசிரியர் பலரின் தன்வரலாறுகளிலும், புதிய ஆசிரியர் எங்ஙனம் வரவேற்கப்பட்டார், எவரிடம் பழகினார், எதனால் நின்றார், எதனால் நீங்கினார் என்னும் செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. மூத்த ஆசிரியர் பலர் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் நினைவுகள் எழுதப்படாது மறைதல் தகாது. ஊர்தோறும் இவற்றைத் தொகுப்பின், நம் கல்வி வரலாற்றில் இதுகாறும் எழுதப்படாத ஒரு பகுதி நிரம்பும். நாளை மகாராஜபுரத்துப் பள்ளிக்கு வரும் புதியவர்க்கும் அஃது ஓர் ஆற்றுப்படையாக அமையும்.